நண்டு கொழுத்தால்: பருத்த உடலைச் சொல்லும் சொற்கள் பற்றி

1

நிஷாபூரைச் சேர்ந்த அபூ மன்சூர் ஸஆலிபி 1038இல் இறந்தார். அவர் தொகுத்த 'ஃபிக்ஹுல் லுகா' என்ற அரபு நூல் அகர வரிசை அகராதி அல்ல. நம் நிகண்டுகளைப் போலப் பொருள்வாரியாகப் போகும். மொத்தம் 30 இயல்கள். ஒரு பொருளின் தொடக்கம், நடு, முடிவு, அதன் சிறியது, பெரியது என்று எதை எடுத்தாலும் படிப்படியாக அடுக்கிக் காட்டுவது அதன் வேலை.

அதில் பருமனுக்கும் ஒரு படிவரிசை உண்டு. ஆணுக்கு முதலில் 'சமீன்', பருத்தவன். அடுத்த படி 'லஹீம்'. லஹ்ம் என்றால் இறைச்சி, ஆகவே சதை போட்டவன். அதற்கு மேல் 'ஷஹீம்'. ஷஹ்ம் என்றால் கொழுப்பு. சதைக்கும் கொழுப்புக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள் பாருங்கள். கடைசிப் படியில் 'பலந்தஹ்', 'அகவ்வக்' என்று இரண்டு சொற்கள். குட்டையும் பருமனும் ஒருசேர அமைந்த ஆள். பெண்ணுக்குத் தனி ஏணி: சமீனா, ரள்ராளா, கதல்லஜா, உச்சியில் அரக்ரகா, அழன்னகா. (ரமளான் என்று எழுதும்போது நம்மூர் முஸ்லிம்கள் போடும் அதே ளகரத்தை இங்கேயும் போட்டிருக்கிறேன்.) கதல்லஜா என்றால் கைகளும் கால்களும் நிரம்பித் திரண்டவள். ரள்ராளா சதை மிகுந்தவள். ரள்ராள் என்பது சின்னக் கூழாங்கற்களுக்கும் பெயர்.

இதோடு விடவில்லை. பருமன் யாருடையது என்பதைப் பொறுத்தும் சொல் மாறும். கைக்குழந்தைக்கு ஒன்று, வளர்ந்த பையனுக்கு ஒன்று, ஆணுக்கு, பெண்ணுக்கு, குதிரைக்கு, பெண் ஒட்டகத்துக்கு, ஆட்டுக்கு என்று தனித்தனி. கொழுத்த ஆட்டுக்கு 'முமிக்கா' என்று பெயர். எலும்புக்குள் மஜ்ஜை நிரம்பியது என்று பொருள்.

அரபியில் ஒட்டகத்துக்கு அத்தனை சொல் இருக்கிறது, இத்தனை சொல் இருக்கிறது என்று வியக்கும் வகைக் கட்டுரை இல்லை இது. சொற்களின் எண்ணிக்கை எனக்கு முக்கியமில்லை. அவை எதைப் பார்க்கின்றன என்பதுதான் முக்கியம். சதையா கொழுப்பா, எந்த இடத்தில் திரண்டிருக்கிறது, உயரத்தோடு பொருந்துகிறதா என்றெல்லாம் இந்தச் சொற்கள் கேட்கின்றன. பருத்த ஓர் உடம்பின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. இன்றைய தமிழில் நாம் அப்படி நிற்பதில்லை. 'குண்டு' என்று ஒரு சொல். மருத்துவமனையில் 'உடல் பருமன்' என்று இன்னொரு சொல். அவ்வளவுதான். இது எப்படி நடந்தது, இதனால் நம் இலக்கியத்துக்கு என்ன நஷ்டம் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஸஆலிபியின் பட்டியலைப் பார்த்ததும் 'ஆகா, பருத்த உடலைக் கொண்டாடிய நாகரிகம்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட வேண்டாம். பெண்ணும் பெண் ஒட்டகமும் ஆடும் அங்கே ஒரே மூச்சில் வருகிறார்கள். அதைப் பார்க்கும் கண்ணில் சந்தையில் நிற்பவனின் கண்ணும் கலந்திருக்கிறது. பழைய அரபுக் கவிதைகளின் காதலி கனத்த இடுப்போடு மெல்ல எழுந்து மெல்ல நடப்பவள். அது அழகு மட்டுமல்ல, அவள் வேலை செய்யத் தேவையில்லாத வீட்டுப் பெண் என்பதற்கான சான்றிதழும்கூட. பாலைவனத்தில் கொழுப்பு என்பது நாளைய சாப்பாடு. அந்த ரசனைக்கு ஒரு கொடூரமான முகமும் உண்டு. மொரிட்டானியாவில் சிறுமிகளைக் கல்யாணத்துக்குத் தயார்செய்ய, வாந்தி வந்தாலும் விடாமல் பாலும் தானியக் கூழும் புகட்டிப் பருக்க வைக்கும் 'லெப்லூஹ்' வழக்கம் நம் காலத்திலும் இருக்கிறது.

ஆண்களும் தப்பவில்லை. 828இல் இறந்த அப்பாஸியர் காலக் கவிஞர் அலீ இப்னு ஜபலா இலக்கிய வரலாற்றில் 'அல் அகவ்வக்' என்ற பெயரில்தான் அறியப்படுகிறார். ஏணியின் கடைசிப் படி அவருக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. சொல்வளம் வேறு, கருணை வேறு. நுட்பமாகப் பார்ப்பவர்கள் நுட்பமாகக் கேலியும் செய்வார்கள். ஆனாலும் பார்த்திருக்கிறார்கள்.

2

தமிழில் படிவரிசைக்குப் பஞ்சமே இல்லை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் ஆயுளை ஏழாகப் பிரித்த மொழி இது. பெண்ணின் வயதைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாகப் பிரித்த மொழியும்கூட. உடல் பருமனுக்கு இப்படி ஒரு புகழ்பெற்ற ஏணி நமக்கு இல்லை. ஆனால் அதற்கான மரத்துண்டுகள் இருந்தன.

தொல்காப்பியத்தின் உரியியலில் தட, கய, நளி ஆகிய மூன்று சொற்களுக்கும் 'பெருமை', அதாவது பெரிதாயிருத்தல், என்ற பொருள் சொல்லப்படுகிறது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அடுத்து வரும் செய்திதான் சுவாரஸ்யமானது. 'தட' என்பதற்கு வளைவு என்ற பொருளும் உண்டாம். 'கய' என்பதற்கு மென்மை என்றும், 'நளி' என்பதற்குச் செறிவு என்றும் பொருள் உண்டாம். ஒன்று வளைவோடு சேர்ந்த பெரிது. இன்னொன்று மென்மையான பெரிது. மூன்றாவது செறிந்த, கெட்டியான பெரிது. தொல்காப்பியர் மனித உடம்பை மட்டும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. ஆனால் பெரிதாயிருப்பதில் வகைகள் உண்டு என்று அந்த மொழி அறிந்திருந்தது. ஸஆலிபி சதைக்கும் கொழுப்புக்கும் நடுவே போட்ட கோட்டுக்கு இது வெகுதூரத்தில் இல்லை.

சங்கக் கவிதையில் தலைவியின் தோள் 'பணைத்தோள்', 'தடந்தோள்'. பணைத்தோள் என்றால் மூங்கில் போன்ற தோள் என்று உரை எழுதுவார்கள். பருத்த தோள் என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரி, பணைத்தல் என்றாலே பருத்தல்தான். ஆனால் 'மூங்கில்' என்றதும் இன்றைய வாசகர் மனதில் ஒல்லியான குச்சி ஒன்று வந்து நிற்கிறது. நடிகைகளையும் மாடல்களையும் பார்த்துப் பழகிய கண் அந்தத் தலைவியைத் தானாகவே இளைக்க வைத்துவிடுகிறது. உரையின் ஒரு பாதியை மட்டும் படித்து அவளுக்கு டயட் போட்டுவிட்டோம்.

அந்தக் கவிதைகளில் பருத்திருப்பது இயல்பு. இளைப்புதான் செய்தி. தலைவன் பிரிந்துபோனால் தோள் நெகிழ்கிறது, வளை கழல்கிறது, பசலை படர்கிறது. திருக்குறளில் 'உறுப்புநலன் அழிதல்' என்றே ஓர் அதிகாரம் (124) இருக்கிறது. காதலின் துயரத்தை அளக்கும் கருவி வளையலுக்கும் கைக்கும் இடையே விழும் இடைவெளி. நிறைந்த உடம்பு என்றால் துணை அருகில் இருக்கிறது, மனம் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள்.

இந்த இலக்கணம் செத்துப்போகவில்லை. விடுதியிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளையைப் பார்த்ததும் அம்மா சொல்லும் முதல் வார்த்தை என்ன? "என்னப்பா, இப்படி இளைச்சுட்டே?" பிள்ளை நான்கு கிலோ ஏறியிருப்பான். அது அவள் கண்ணுக்குத் தெரியாது. அவள் பேசுவது எடையைப் பற்றி அல்ல, பிரிவைப் பற்றி. வளை கழன்ற மரபின் கடைசி வாரிசு அந்த வாக்கியம்.

3

நமக்கு ஏணி இல்லை என்று சொன்னேன். ஏட்டில் இல்லை, வாயில் இருந்தது. கொஞ்சம் வயதானவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் துண்டு துண்டாகக் கிடைக்கும்.

'பூசினாப்ல உடம்பு' என்பார்கள். எலும்பின் மேல் ஒரு சுற்று சதை பூசியதுபோல. சுவருக்குப் பூச்சு எப்படியோ அப்படி, வீட்டை முழுமையாக்குவது. 'இரட்டைநாடி சரீரம்' என்பது எலும்பே அகலமான கட்டுமானம். அவர்கள் இளைத்தாலும் ஒல்லியாக மாட்டார்கள். 'வாட்டசாட்டம்' என்றால் உயரமும் அகலமும் சேர்ந்தது. 'வைரம் பாஞ்ச உடம்பு' கெட்டியானது, 'ஊளைச்சதை' தளர்ந்தது. 'நீர் கோத்த உடம்பு' வீக்கம், நோயின் அடையாளம். 'பிள்ளை பெத்த உடம்பு' என்பதில் ஒரு வரலாறே இருக்கிறது. அந்த உடம்பு ஏன் அப்படி இருக்கிறது என்று அது காரணம் சொல்கிறது, குற்றம் சொல்வதில்லை.

இரட்டைக்கிளவிகள் இன்னும் நுட்பமானவை. கொழுகொழு என்றால் குழந்தை, கிள்ளத் தோன்றும் கன்னம். மொழுமொழு என்றால் வழவழப்பும் உருட்சியும். தளதள என்பது இளமையின் நிறைவு, கீரைக்கட்டுக்கும் சொல்வோம். புசுபுசு என்பது மெத்தென்றிருப்பது. பொதபொத என்பது ஊறிப்போனது, அதில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. இவை ஒவ்வொன்றும் தொட்டுப் பார்த்து வைத்த பெயர்கள். ஸஆலிபி எழுதி வைத்தார். நம்மவர்கள் திண்ணையில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த வேறுபாடுகளுக்கு மருத்துவத்திலும் மதிப்பு இருக்கிறது. உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுக்கும் கணக்கை 1830களில் போட்டவர் கெத்தலே, பெல்ஜியத்துப் புள்ளியியலாளர். மக்கள்தொகையின் சராசரியை அறியத்தான் அவருக்கு அது தேவைப்பட்டது. அதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்து 1972இல் பரப்பியவர் ஆன்செல் கீஸ். பிறகு அதுவே தனிமனிதருக்கான தீர்ப்பாகிவிட்டது. இந்திய மருத்துவர்களின் 2009 நெறிமுறைப்படி 23ஐத் தொட்டால் மிகை எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன். அதே நெறிமுறை இடுப்புச் சுற்றளவையும் தனியாக அளக்கச் சொன்னது, ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கு வழிவிடுகிறது என்பதால். 2025 ஜனவரியில் வெளியான லான்செட் ஆணைய அறிக்கையும் பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லக்கூடாது, உடம்பு உண்மையில் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றது. எங்கே சேர்ந்திருக்கிறது, எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு மருத்துவம் திரும்பி வந்திருக்கிறது. தொந்தி வேறு, பூசின உடம்பு வேறு, நீர் கோத்த உடம்பு வேறு என்று பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. 'உடல் பருமன்' என்ற மொழிபெயர்ப்புச் சொல் இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது.

4

இப்போது தமிழின் இருண்ட பக்கத்துக்கு வருவோம். 'கொழுப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

"உனக்கு எவ்ளோ கொழுப்பு!" இந்த வாக்கியத்துக்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. ஈர்க்குச்சி மாதிரி இருப்பவளையும் இப்படித் திட்டலாம். திமிர், அடங்காமை, எதிர்த்துப் பேசுதல், இதெல்லாம்தான் கொழுப்பு. 'தின்ன கொழுப்பு', 'உண்ட கொழுப்பு', 'தடித்தனம்', 'தடித்த வார்த்தை' என்று ஒரு குடும்பமே இருக்கிறது.

இந்தச் சொல் எந்தத் திசையில் பாய்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் மேலிருந்து கீழே. மாமியார் மருமகளிடம், வாத்தியார் மாணவனிடம், முதலாளி வேலைக்காரரிடம், நிலக்காரர் கூலிக்காரரிடம். "நாலு காசு பார்த்ததும் கொழுப்பேறிப் போச்சு." யாருக்குச் சோறு அளந்து போடப்பட்டதோ அவர்களைப் பார்த்து, அளவுக்கு மேல் தின்றுவிட்டாய் என்று சொல்லும் சொல் இது. பண்ணையாரின் தொந்தியைக் கொழுப்பு என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அது செழிப்பு.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பது பழமொழி. அந்தப் பழமொழியின் கவலை நண்டின் உடல்நலம் பற்றியது அல்ல. அது தன் இடத்தில் இருக்காதே என்பதுதான் கவலை. நண்டுக்கு ஒரு வளை உண்டு, அதற்குள் அடங்கும் அளவுக்குத்தான் அது சாப்பிட வேண்டும். சோறு கிடைத்தால் ஆள் வெளியே வருவான், நிமிர்வான், கேள்வி கேட்பான். பசிதான் ஒழுங்கைக் காப்பாற்றுகிறது என்று ஒரு சமூகம் நம்பியதற்குச் சாட்சி இந்தப் பழமொழி.

அரபியில் ஷஹீம் என்பது உடம்பைப் பற்றிய சொல். தமிழில் கொழுப்பு உடம்பிலிருந்து கிளம்பி நடத்தைக்குப் போய்விட்டது. இந்த இடமாற்றம் நம்முடைய பட்டினியின் வரலாறு. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்த மண் இது. அந்த மண்ணில் பருத்த உடம்பு வெறும் உடம்பாக இருக்க முடியாது. அது ஒன்று அதிகாரம், இல்லையென்றால் அத்துமீறல்.

5

அடுத்தது 'குண்டு'.

பழந்தமிழில் குண்டு என்றால் ஆழம். ஆழமான நீர்நிலைக்கு அடைமொழியாக வரும். பின்னால் உருண்டை, பீரங்கிக் குண்டு, துப்பாக்கிக் குண்டு, வெடிகுண்டு. குண்டூசி, குண்டு பல்பு. இந்தக் கூட்டத்தில் மரியாதையோடு பிழைத்திருப்பது குண்டுமல்லி ஒன்றுதான். பூவுக்கு வந்தால் பாராட்டு, பெண்ணுக்கு வந்தால் பட்டப்பெயர்.

தேவாரத்தில் சமணர்களை ஏசும் சொற்களில் ஒன்று 'குண்டர்'. பருத்தவர் என்றும், கீழ்மக்கள் என்றும் இரண்டு பொருள் சொல்வார்கள். எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு. உண்ணாநோன்பையே உச்ச தவமாகக் கொண்ட துறவிகள் அவர்கள். வடக்கிருந்து பட்டினியால் உயிர் விடுவதைப் பேறாக நினைத்த மரபு. அவர்களைப் பார்த்துக் குண்டர் என்கிறது பாட்டு! வசைச்சொல் எதிரில் இருக்கும் உடம்பைப் பார்ப்பதே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

புராணத்தில் குண்டோதரன் வருகிறான். திருவிளையாடற் புராணத்தில் மீனாட்சி கல்யாண விருந்து முழுவதையும் தின்று தீர்த்துவிட்டுத் தாகத்துக்கு வைகையையே கேட்ட பூதம். பானை வயிறன் என்று பொருள்படும் பெயர். சிரிப்பும் பயமும் கலந்த உருவம் அது. தொந்தியின் இன்னொரு முகம் பிள்ளையார். விநாயகர் அகவல் அவர் வயிற்றைப் பேழைக்கு ஒப்பிடுகிறது. பேழை என்றால் பெட்டி, பொக்கிஷம் வைக்கும் இடம். அதே வயிறுதான். ஒருவருக்குப் பானை, ஒருவருக்குப் பேழை.

நவீனத் தமிழில் இதை மிகச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தியவர் கல்கி என்று நினைக்கிறேன். 'சிவகாமியின் சபத'த்தில் ஓர் ஒற்றனின் பெயரே குண்டோதரன். 'பொன்னியின் செல்வ'னில் ஆழ்வார்க்கடியான் நம்பி, குட்டையான கட்டையான உடம்பும் கைத்தடியுமாக நடுத்தெருவில் சைவரோடு வாய்ச்சண்டை போட்டபடி அறிமுகமாகிறான். அவனும் ஒற்றன். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பருத்தவனைப் பார்த்ததும் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்தபிறகு அவனைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒற்றனுக்கு அதைவிட நல்ல மாறுவேடம் கிடைக்குமா? வந்தியத்தேவன் அழகன், போகுமிடமெல்லாம் மாட்டிக்கொள்கிறான். நம்பி கேலிப்பொருள், எங்கும் நுழைந்து வெளியே வருகிறான். ஆனால் கல்கிகூட ஓர் எல்லைக்கு மேல் போகவில்லை. காதல் வந்தியத்தேவனுக்குத்தான். நம்பிக்குக் கிடைப்பது வேலை.

சினிமா இந்த எல்லையைச் சட்டமாக்கியது. குண்டு கல்யாணம் என்று ஒரு நடிகர், ஓமக்குச்சி நரசிம்மன் என்று இன்னொருவர். உடம்பே பெயரின் முதல் பாதி. அல் அகவ்வக்கின் கதைதான், ஆயிரம் வருஷம் தள்ளி, கோடம்பாக்கத்தில். பாராட்டு வந்தாலும் அது தட்டில்தான் வரும், குஷ்பு இட்லி மாதிரி. உப்பிய, மெத்தென்ற, வெள்ளை வெளேர் இட்லி. அரபுக்காரர்கள் சந்தையில் நின்று பார்த்தார்கள் என்றால் நாம் அடுக்களையில் நின்று பார்க்கிறோம். பூசணி, பன், இட்லி, போண்டா. இரண்டு இடத்திலும் உடம்பு யாரோ ஒருவர் வாங்குவதற்கு அல்லது தின்பதற்கு.

2015இல் அனுஷ்கா நடித்த 'இஞ்சி இடுப்பழகி' இதை மாற்றப் பார்த்தது. பருத்த பெண் கதாநாயகி, எடைகுறைப்பு மையத்தின் மோசடிதான் வில்லன். நல்ல நோக்கம். ஆனால் பருத்த பெண்ணின் கதை என்றால் அது எடையைப் பற்றிய கதையாகத்தான் இருக்க வேண்டுமா? ஒல்லியான கதாநாயகிக்கு ஆயிரம் பிரச்சினைகள் வரலாம்: காதல், கொலை, பேய், தேர்தல். பருத்தவளுக்கு ஒரே பிரச்சினை, அவள் உடம்பு. அவளுக்கு ஆதரவாக எடுத்த படத்திலும் அதேதான்.

6

நான் இதை எழுதுவது ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து. சொற்கள் எப்படித் திசை மாறின என்று பார்க்க இதைவிட வசதியான பேட்டை கிடையாது.

இங்கே டி.என். ராஜரத்தினம் கலையரங்கம் இருக்கிறது. கிரீன்வேஸ் சாலையில், பழைய பிராடி மாளிகையில் இசைக் கல்லூரி இருக்கிறது, இப்போது பல்கலைக்கழகம். பாட்டு உலகத்தில் 'சரீரம்' என்றால் உடம்பு, 'சாரீரம்' என்றால் குரல். ஒரு கால் கூடினால் உடம்பு குரலாகிவிடும். நாகஸ்வர, தவில் வித்வான்களின் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். அகன்ற மார்பு, திறந்த தொந்தி, அதன் மேல் தங்கச் சங்கிலி, பட்டு அங்கவஸ்திரம். அதைக் குண்டு என்று யாரும் சொன்னதில்லை. 'கம்பீரம்' என்றுதான் பெயர். அந்த உடம்பிலிருந்து நாகஸ்வரத்தின் மூச்சு வருகிறது என்று கேட்பவர்கள் நம்பினார்கள். ஆண் கலைஞருக்கு இந்தச் சலுகை தாராளமாகக் கிடைத்தது. பாடகிகளைப் பற்றி சபா கேன்டீனில் பேசும்போது மட்டும் புடவையும் இடுப்புச் சுற்றளவும் விமர்சனத்துக்குள் நுழைந்துவிடும்.

அதே தெருக்களில் காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக் கூட்டம். அங்கே கேட்கும் பாராட்டு, "செம்மயா இளைச்சுட்டீங்க! என்ன டயட்?" சங்கக் கவிதையில் துக்கச் செய்தி, அம்மாவின் வாயில் பரிதாபம், இங்கே விருது. ஒரே சொல் ஒரே தலைமுறைக்குள் தலைகீழாகப் புரண்டுவிட்டது. "வெயிட் போட்டுட்டே" என்பது முன்பு "கல்யாணம் உனக்கு ஒத்துக்கிச்சு" என்பதற்குச் சமம். இப்போது அது புகார்.

போன வருஷம் இந்தப் பக்கத்துத் துணிக்கடை ஒன்றில் தோழி ஒருத்திக்கு குர்தா எடுக்கப் போனோம். விற்பனைப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "மேடம், ஹெல்தி சைஸ் அந்தக் கடைசி ராக்ல இருக்கு" என்றாள். கேலி இல்லை, அந்தப் பெண் உண்மையிலேயே மரியாதையாகத்தான் சொல்ல நினைத்தாள். கையில் சொல் இல்லை. 'குண்டு' என்று சொல்லக்கூடாது என்று தெரியும். 'பூசினாப்ல' என்ற சொல் அவள் வரை வந்து சேரவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்த ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்தாள். வெளியே வந்ததும் தோழி சொன்னாள், "குண்டுன்னே சொல்லியிருக்கலாம். கடைசி ராக்தான் வலிச்சுது."

இது ஏதோ சிலரின் பிரச்சினை இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினரின் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் சுமார் 31. பத்தில் நான்கு பெண்கள். இவர்களில் அதிகாரிகள், செவிலியர்கள், கவிஞர்கள், காதலிக்கிறவர்கள், விவாகரத்து கேட்கிறவர்கள், கொலைகாரிகள்கூட இருப்பார்கள். நம் கதைகளில் இவர்கள் எங்கே? பக்கத்து வீட்டு மாமியாக, குறட்டை விடுபவளாக, பஸ்ஸில் இரண்டு சீட்டை அடைப்பவளாக வந்துபோகிறார்கள். ஒரு வாக்கியம், ஒரு சிரிப்பு, முடிந்தது.

7

பெரிய உடம்பை மரியாதையோடு எழுதிய தமிழ்க் கதை எது என்று யோசித்தால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு'. 2011இல் வந்த 'அறம்' தொகுப்பில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப், ராட்சத உருவம். காசு கேட்காமல் அள்ளி அள்ளிப் போடும் கை. பசியோடு வரும் மாணவனுக்கு அந்த உடம்பு முதலில் அச்சம், பிறகு கிட்டத்தட்ட தெய்வம். கதையின் பெரும்பலம் அந்த உடம்புதான். சின்ன ஆளின் கையிலிருந்து அந்தச் சோறு விழுந்திருந்தால் இத்தனை கனமாக விழுந்திருக்காது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெரிய உடம்பு மரியாதை பெறுவது அது ஊட்டுவதால். தாய், அன்னதாதா, பிள்ளையார், வித்வான் என்று பருத்த உடம்பை நாம் ஏற்றுக்கொள்வதற்கு ஒரு கட்டணம் கேட்கிறோம். எதையாவது கொடு, பிறகு உன் அளவை மன்னிக்கிறோம். எதையும் கொடுக்காமல், தன் பாட்டுக்கு, தனக்காகச் சாப்பிட்டு, தனக்காக வாழும் பருத்த ஆளை எழுத நம்மிடம் இன்னும் வாக்கியம் இல்லை. எழுதினால் 'கொழுப்பு' என்போம்.

என் வாதம் 'குண்டு' என்ற சொல்லைத் தடைசெய்ய வேண்டும் என்பதல்ல. சொல்லைத் தடைசெய்தால் அந்தத் துணிக்கடைப் பெண்ணின் 'ஹெல்தி சைஸ்'தான் மிஞ்சும். வேண்டியது கூடுதல் சொற்கள், அதாவது கூடுதல் நேரம் பார்ப்பது. இரட்டைநாடி, பூசின உடம்பு, பிள்ளை பெத்த உடம்பு, தளதள, மொழுமொழு என்று வீட்டுப் பெரியவர்களின் வாயிலிருந்து இவற்றை எழுதி எடுத்துக்கொள்ளலாம். வட்டார அகராதி போட்ட கி.ரா.வும் பெருமாள்முருகனும் செய்ததைப்போல, ஆனால் உடம்புக்கு மட்டுமாக ஒன்று யாராவது தொகுத்தால் இன்னும் நல்லது. ஸஆலிபியின் ஏணியிலிருந்து வாங்க வேண்டியது அந்தப் பொறுமையை மட்டும்தான், சந்தைக்கார விலைப்பட்டியலை அவரிடமே விட்டுவிடலாம்.

கதை எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கதையில் கையும் காலும் திரண்ட ஒரு பெண்ணை உள்ளே கொண்டு வாருங்கள். அவள் உடம்பை ஒரு பத்தி முழுக்கப் பாருங்கள், எந்த உவமையும் அடுக்களையிலிருந்து எடுக்காமல். பிறகு அவளுக்கு எடையோடு சம்பந்தமே இல்லாத ஒரு பிரச்சினை கொடுங்கள். பட்டினப்பாக்கம் மணலில் சாயங்காலம் போய் உட்கார்ந்தால் வளையை விட்டு வெளியே வந்த நண்டுகளைப் பார்க்கலாம். பழமொழி அவை தங்காது என்பதோடு நின்றுவிட்டது. எங்கே போகின்றன என்று யாரும் இன்னும் எழுதவில்லை.